தோட்டப்புற நகரில் குரல் பதிவுக்கு டைனமிக் ஒலிவாங்கியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில் குரல் பதிவு இப்போது பெரும்பாலும் வீட்டிலேயே நடக்கிறது. தாமான் வீட்டின் பின்னறையிலோ கடைவீட்டின் மாடியிலோ ஒரு மடிக்கணினியும், மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஓர் ஆடியோ இன்டர்பேஸும், ஓர் ஒலிவாங்கியும் இருந்தால், தைப்பூசத்திற்கு உறுமி மேளக் குழுவின் பக்திப் பாடலையும், தீபாவளிக்குத் தம்பிகளின் ராப் பாடலையும் அங்கேயே முடித்துவிடலாம். அப்படி ஓர் அறையை அமைக்க நினைப்பவர்கள் என்னிடம் வந்து, "அண்ணே, எஸ்எம்7பி வாங்கிடட்டுமா?" என்று ஷூர் நிறுவனத்தின் புகழ்பெற்ற டைனமிக் மைக்கைக் கேட்டுத்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பவை மூன்று: எந்த அறையில் பாடப்போகிறீர்கள், வாய்க்கும் மைக்குக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்கும், கையில் உள்ள இன்டர்பேஸ் எது. இம்மூன்றுக்கும் விடை தெரிந்துவிட்டால் மைக்கின் பெயர் ஏறத்தாழத் தானாகவே முடிவாகிவிடும்; தெரியாமல் பெயரை மட்டும் நம்பி வாங்கினால், விலை உயர்ந்த மைக்கும் இரைச்சலைத்தான் தரும்.

டைனமிக் ஒலிவாங்கியின் உள்ளே நடப்பது எளிமையானது. மெல்லிய சவ்வு ஒன்றின் பின்புறம் செம்புக் கம்பிச் சுருள் ஒட்டப்பட்டிருக்கும். அந்தச் சுருள் ஒரு காந்தத்தின் இடைவெளியில் தொங்கும். குரலால் சவ்வு அசையும்போது சுருளும் அசைந்து, மின்காந்தத் தூண்டலால் சிறு மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. இதற்கு வெளியிலிருந்து மின்சாரம் தேவையில்லை. சவ்வோடு சேர்ந்து சுருளின் எடையும் அசைய வேண்டியிருப்பதால், சுருளில்லாத மெல்லிய சவ்வைக் கொண்ட, மின்சாரம் தேவைப்படும் கண்டென்சர் மைக்கைப் போல மிக நுண்ணிய, மிக வேகமான அதிர்வுகளை இது அப்படியே பின்தொடராது. மூச்சின் சரசரப்பும், 10,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட பளபளப்பும் சற்று மழுங்கியே பதிவாகும். உரத்த குரலுக்கும் கூர்மையான குரலுக்கும் இந்த மழுக்கம் பல நேரங்களில் நன்மையாகவே அமைகிறது.

கண்டென்சர் மைக் அறையின் இரைச்சலையெல்லாம் இழுக்கும், டைனமிக் மைக் இழுக்காது என்று பலரும் சொல்கிறார்கள். அது பாதி உண்மைதான். உணர்திறன் குறைந்த மைக் குரலையும் குறைவாகவே வாங்குகிறது, மின்விசிறியின் ஓசையையும் குறைவாகவே வாங்குகிறது. பிறகு நாம் கெயினை, அதாவது பெருக்கத்தின் அளவை, ஏற்றும்போது இரண்டும் சேர்ந்தே ஏறுகின்றன. குரலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதத்தை மாற்றுபவை இரண்டே: வாய்க்கும் மைக்குக்கும் இடையிலான தூரம், மைக் எந்தத் திசையிலிருந்து கேட்கிறது என்பது. தூரம் பாதியாகக் குறையும்போது நேரடிக் குரலின் அளவு 6 டெசிபல் கூடுகிறது. 40 சென்டிமீட்டரில் நின்று பாடியவர் 10 சென்டிமீட்டருக்கு வந்தால், கணக்குப்படி குரல் 12 டெசிபல் உயரும், அறையின் இரைச்சல் இருந்த இடத்திலேயே இருக்கும். மிக அருகில் வைத்துப் பாடுவதற்காகவே வடிவமைக்கப்பட்டவை என்பதால்தான் டைனமிக் மைக்குகள் இரைச்சலான அறையில் தப்பித்துக்கொள்கின்றன. இவற்றில் ஒன்றை வாங்கிவிட்டு ஓரடி தள்ளி நின்று பாடுபவருக்கு அந்த நன்மை கிடைக்காது.

நம் ஊர் அறைகளை நினைத்துப் பாருங்கள். தகரக் கூரை, சிமெண்டுச் சுவர், மொசைக் தரை, கண்ணாடிச் சன்னல். வாசலில் செம்பனைப் பழக்குலை ஏற்றிய லோரி, பின்னால் கோழி, ஐந்து வேளையும் பாங்கு ஓசை, கோயில் திருவிழாக் காலத்தில் ஒலிபெருக்கி. இவற்றுக்கு நடுவே பதிவு செய்பவருக்கு டைனமிக் மைக்கே பொருத்தம் என்பது என் முடிவு. ஆனால் கூரையில் மழை விழும்போது எந்த மைக்காலும் பயனில்லை. மேற்குக் கரை மாநிலங்களில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலில் இடியுடன் மழை பெய்வது வழக்கம் என்பதால், அந்நாட்களில் குரல் பதிவைக் காலையில் வைத்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

மைக் வாங்குவதற்கு முன்பே அறைக்குச் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. பலர் மைக்கின் பின்புறச் சுவரில் பஞ்சு ஒட்டுகிறார்கள். கார்டியாய்டு மைக்குக்குப் பின்பக்கம் ஏறத்தாழக் காது கேட்காது. அது முன்பக்கத்தை, அதாவது பாடுபவரையும் அவர் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவரையும்தான் கேட்கிறது. ஆகவே தடித்த மெத்தையையோ கனமான போர்வைகளையோ பாடுபவரின் பின்னால் தொங்கவிட வேண்டும். திறந்து வைத்த துணி அலமாரியின் முன் நின்று பாடுவது செலவில்லாத வழி. அதில் துணி நிறைந்திருந்தால் இன்னும் நல்லது.

திசை என்று சொல்லும்போது இரண்டு வகைகளைப் பிரித்தறிய வேண்டும். ஷூர் நிறுவனத்தின் எஸ்எம்58, எஸ்எம்7பி, சென்ஹைசர் இ935 ஆகியவை கார்டியாய்டு வகை. இவற்றுக்கு மிகக் குறைவாகக் கேட்கும் இடம் நேர் பின்புறமான 180 பாகை. மின்விசிறியையோ கணினியையோ அந்தப் பக்கம் வைத்தால் போதும். சென்ஹைசர் இ945 போன்ற சூப்பர்கார்டியாய்டு மைக்குகள் முன்பக்கத்தில் இன்னும் குறுகிய பரப்பையே கேட்கும் என்றாலும், அவற்றின் நேர் பின்புறம் சற்றே திறந்திருக்கும்; அவற்றின் செவிட்டு இடங்கள் பக்கவாட்டில் பின்னோக்கி, ஏறத்தாழ 126 பாகையில் இருபுறமும் அமைந்துள்ளன. ஆகவே சூப்பர்கார்டியாய்டு மைக்குக்கு நேர் பின்னால் மடிக்கணினியை வைத்தால், அதன் விசிறியோசை பதிவில் கேட்கும். பாடுபவர் தலையை அதிகம் அசைப்பவரானால், குறுகிய பரப்புள்ள மைக்கில் அவருடைய குரலின் நிறம் சொல்லுக்குச் சொல் மாறும். அத்தகையவருக்குக் கார்டியாய்டே பாதுகாப்பானது.

கெயின் கணக்கு

எஸ்எம்7பி பற்றிய ஏமாற்றங்களில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் பிறக்கின்றன என்பதால், இதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். ஒலிவாங்கியின் உணர்திறனைத் தயாரிப்பாளர்கள் மில்லிவோல்ட்டில் தருகிறார்கள்: 94 டெசிபல் ஒலி, அதாவது 1 பாஸ்கல் அழுத்தம், மைக்கின் மீது விழும்போது எவ்வளவு மின்னழுத்தம் வெளிவருகிறது என்பதே அந்த எண். எஸ்எம்7பி தருவது 1.12 மில்லிவோல்ட். எஸ்எம்58 தருவது ஏறத்தாழ 1.9. சென்ஹைசர் இ935 தருவது 2.8. வீட்டுப் பதிவுக்கு வாங்கும் கண்டென்சர் மைக்குகள் பல, இதே ஒலிக்கு எஸ்எம்7பியைவிடப் பத்து மடங்குக்கும் மேலாகத் தருகின்றன. மின்னழுத்தத்தில் 10 மடங்கு என்பது 20 டெசிபல். எஸ்எம்7பிக்குக் குறைந்தது 60 டெசிபல் கெயின் வேண்டும் என்று ஷூர் நிறுவனமே பரிந்துரைக்கிறது. 60 டெசிபல் என்றால் ஆயிரம் மடங்கு பெருக்கம்.

இனி உங்கள் இன்டர்பேஸின் குறிப்பேட்டைப் பாருங்கள். நம் ஊரில் பலரிடம் இருக்கும் போக்கஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 மூன்றாம் தலைமுறைக் கருவியின் மைக் கெயின் 56 டெசிபல். அதே கருவியின் நான்காம் தலைமுறையில் 69 டெசிபல். முதல் கருவியில் எஸ்எம்7பியைப் பொருத்தி மெல்லிய குரலில் பாடினால், குமிழைக் கடைசி வரை திருகியும் அளவு போதாது. பிறகு மென்பொருளில் ஏற்றும்போது 'ஸ்' என்ற இரைச்சலும் சேர்ந்து மேலே வரும். இதைச் சரிசெய்ய கிளவுட்லிஃப்டர், ஃபெட்ஹெட் போன்ற சிறு பெருக்கிகள் விற்கின்றன. இவை இன்டர்பேஸ் மைக் கேபிள் வழியே அனுப்பும் 48 வோல்ட் ஃபாண்டம் மின்சாரத்தைத் தாமே எடுத்துக்கொண்டு, மைக்குக்கு அதை அனுப்பாமல், ஏறத்தாழ 25 டெசிபல் வரை கூட்டித் தருகின்றன. 2023இல் வந்த எஸ்எம்7டிபி மாதிரியில் இந்தப் பெருக்கி உள்ளேயே இருக்கிறது. 18 அல்லது 28 டெசிபல் என இரண்டு நிலைகளில் அதை வைக்கலாம்.

ஆனால் பெருக்கி எல்லோருக்கும் தேவையா என்றால், இல்லை. உறுமி மேளக் குழுவில் பாடிப் பழகியவர் மைக்கின் அருகே நின்று குரலெடுத்தால் 110 டெசிபலைத் தாண்டுவது அரிதன்று. 94 டெசிபலைவிட அது 16 டெசிபல் கூடுதல். அந்த அளவுக்குக் கெயின் தேவை குறைந்துவிடும். பழைய இன்டர்பேஸே அவருக்குப் போதும். மெல்லப் பேசுபவர், தாழ்ந்த குரலில் ராப் செய்பவர், பாட்டுக்கு இடையே கிசுகிசுப்பவர் ஆகியோருக்குத்தான் பெருக்கி வேண்டும். பெருக்கிக்கு ஆகும் செலவைத் தவிர்க்க நினைப்பவர் உணர்திறன் கூடிய டைனமிக் மைக்கை வாங்கலாம். எஸ்எம்7பிக்கும் இ935க்கும் இடையே 8 டெசிபல் வேறுபாடு இருப்பதை மேலே தந்த எண்களிலிருந்தே அறியலாம்.

எந்த மைக், எந்தக் குரலுக்கு

ஷூர் எஸ்எம்58 1966ஆம் ஆண்டிலிருந்து விற்பனையில் உள்ளது. மேடை மைக் என்று பெயர் பெற்றுவிட்டாலும், அது முதலில் ஒலிப்பதிவுக் கூடத்தை மனத்தில் வைத்தே உருவாக்கப்பட்டது. 50 முதல் 15,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும்; நடுப்பகுதியின் மேற்பகுதியில் சற்றுத் தூக்கலாக இருப்பதால், மேளத்தின் நடுவிலும் சொற்கள் தெளிவாக மேலெழும். அதற்கு ஓராண்டு முன்பு வந்த எஸ்எம்57 உள்ளே ஏறத்தாழ அதே அமைப்பைக் கொண்டது. உருண்டையான வலைத்தலை மட்டும் இல்லை. குரலுக்கு அதைப் பயன்படுத்துவோர் காற்று மோதலைத் தடுக்கும் பாப் ஃபில்டர் ஒன்றைத் தனியாக வைக்க வேண்டும். முதல் மைக் வாங்குபவருக்கு நான் தயங்காமல் சொல்வது எஸ்எம்58 அல்லது சென்ஹைசர் இ935. எஸ்எம்7பி ஒன்றின் விலையில் எஸ்எம்58 ஏறத்தாழ நான்கு வாங்கலாம். மிச்சமாகும் வெள்ளியில் நல்ல ஸ்டாண்டு, நல்ல கேபிள், அறைக்கான மெத்தை எல்லாம் வந்துவிடும்.

எஸ்எம்7 வரிசை 1973இல் தொடங்கியது; 7பி என்ற இன்றைய வடிவம் 2001இல் வந்தது. 1982இல் மைக்கேல் ஜாக்சனின் ஆல்பத்திற்கு ஒலிப்பதிவாளர் புரூஸ் ஸ்வீடியன் எஸ்எம்7ஐப் பயன்படுத்தியதால் அதற்குப் பெரும் புகழ் சேர்ந்தது. அந்தப் பதிவு நடந்த கூடமும், மைக்கிலிருந்து வருவதை முதலில் பெருக்கும் ப்ரீஆம்பும் அந்த மைக்கோடு சேர்த்து விற்கப்படுவதில்லை என்பதையும் வாங்குபவர் நினைவில் கொள்வது நல்லது. இதன் உண்மையான சிறப்பு வேறு. சவ்வு கூண்டுக்குள் ஆழமாக அமைந்திருப்பதால், உதடு பஞ்சில் படும் அளவுக்கு நெருங்கினாலும் காற்று நேராகச் சவ்வில் மோதாது. மேல்பகுதி உறுத்தாமல் மென்மையாக இருக்கும். பின்புறத்தில் அடிக்குரலைக் குறைக்கவும், நடுப்பகுதியைத் தூக்கவும் இரண்டு ஸ்விட்சுகள் உண்டு. கூர்மையான, சற்றுக் கீறலான குரல்களுக்கும், வாயை மைக்கில் வைத்தே ராப் செய்பவருக்கும் இது நன்றாகப் பொருந்தும். எடை ஏறத்தாழ 765 கிராம். மலிவான மேசைக் கை இதைத் தாங்காமல் மெல்ல மெல்லத் தாழ்ந்துவிடும் என்பதால், ஸ்டாண்டுக்கும் சேர்த்தே பணம் ஒதுக்க வேண்டும்.

மைக்குக்கு மிக அருகில் போனால் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள அடிக்குரல் தடித்துக் கேட்கும். ஒரு திசையை மட்டும் கேட்கும் பெரும்பாலான மைக்குகளின் இயல்பு அது. மெலிந்த குரலுக்கு அது உடல் கொடுக்கும்; ஏற்கெனவே கனத்த குரலைக் குழப்பிவிடும். பாடுபவர் ஒரே இடத்தில் நில்லாமல் முன்னும் பின்னும் அசைந்தால், குரலும் தடித்தும் மெலிந்தும் பதிவாகும். எலக்ட்ரோ-வாய்ஸ் ஆர்இ20 இதற்காகவே புகழ்பெற்றது. அதன் உடல் நெடுகிலும் உள்ள துளைகள் வழியாகச் செயல்படும் வேரியபிள்-டி என்ற அமைப்பு, நெருங்கினாலும் விலகினாலும் அடிக்குரலைப் பெரிதும் மாறாமல் வைத்திருக்கிறது. வானொலி நிலையங்களில் அது இன்றும் விரும்பப்படுவதற்கு இதுவே காரணம். உறுமி வாசித்துக்கொண்டே ஆடிப் பாடிப் பழகியவரை அறைக்குள் அசையாமல் நிற்கவைக்க முடியவில்லை என்றால், பணம் உள்ளவர் ஆர்இ20 வாங்கலாம். இல்லாதவர் தரையில் ஒரு நாடாவை ஒட்டி, அதில் கால் வைத்து நிற்கச் சொல்லலாம்.

சென்ஹைசர் எம்டி 421 1960ஆம் ஆண்டிலிருந்து இருந்து வரும் மைக். ஐந்து நிலை அடிக்குரல் ஸ்விட்ச் கொண்டது. குரலோடு தவிலையும் உறுமியையும் பதிவு செய்ய நினைப்பவருக்கு அது ஒரு நல்ல முதலீடு. கணினியில் நேராகச் செருகும் யுஎஸ்பி, இன்டர்பேஸுக்குப் போகும் எக்ஸ்எல்ஆர் ஆகிய இரண்டு இணைப்புகளும் உள்ள சாம்சன் கியூ2யு போன்றவை பேச்சுப் பதிவுக்கும் பயிற்சிக்கும் போதும். பாட்டுக்கு அவற்றை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

டைனமிக் மைக்கே வேண்டாம் என்று சொல்ல வேண்டிய குரல்களும் உண்டு. தேவாரம் பாடும் சிறுமியின் மெல்லிய குரலில் உள்ள காற்றும் நுண்ணிய கமகமும் கண்டென்சரில்தான் முழுமையாக வரும். பஜனைக் குழு ஒன்றாக நின்று பாடும்போது எல்லோரும் ஒரே மைக்கை நெருங்க முடியாது என்பதால், டைனமிக்கின் நன்மை அங்கே போய்விடுகிறது. அத்தகைய பதிவுகளுக்கு ஈப்போவில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தை இரண்டு மணி நேரத்திற்கு வாடகைக்கு எடுப்பது, தகரக் கூரையின் கீழ் கண்டென்சருடன் போராடுவதைவிட மேல்.

வாங்குமுன் கேட்டுப் பார்ப்பது

கடையில் "ஹலோ, டெஸ்டிங்" என்று சொல்லிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. "பச்சைப் பட்டுப் புடவை" என்று மைக்கிலிருந்து நான்கு விரல் தொலைவில், பாடும் அழுத்தத்தோடு சொல்லிப் பாருங்கள். 'ப்ப'வும் 'ட்டு'வும் வரும் இடத்தில் 'டும்' என்று காற்று மோதுகிறதா என்பதை ஹெட்போனில் கவனியுங்கள். மோதினால், மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் வாயின் ஓரத்திலிருந்து சற்றுச் சாய்வாகத் திருப்பி, அதே சொற்களை மீண்டும் சொல்லுங்கள். பெரும்பாலான மைக்குகளில் இந்தச் சாய்வே மோதலை நீக்கிவிடும்; அப்போதும் நீங்காத மைக்குக்குப் பாப் ஃபில்டர் கட்டாயம். அடுத்து "சரஸ்வதி" என்று இழுத்துப் பாடுங்கள். 5,000 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரையான பகுதி உங்கள் குரலில் ஏற்கெனவே தூக்கலாக இருந்தால், அதே பகுதி தூக்கலாக உள்ள மைக்கில் 'ஸ்' காதைக் கீறும். பிறகு கெயினை மாற்றாமல் பத்து விநாடி அமைதியாக இருந்து, அந்த அமைதியையும் பதிவு செய்யுங்கள். குரலை விட்டு அந்தப் பத்து விநாடியை மட்டும் கேட்டால், ப்ரீஆம்பின் இரைச்சலும் மின்சார ரீங்காரமும் வெளிப்பட்டுவிடும். இயன்றால் உங்கள் இன்டர்பேஸையும் கேபிளையும் கடைக்கே எடுத்துச் செல்லுங்கள். கடைக்காரரின் விலையுயர்ந்த மிக்ஸரில் நன்றாகக் கேட்டது உங்கள் வீட்டிலும் அப்படியே கேட்க வேண்டும் என்ற கட்டாயமில்லை.

ரீங்காரத்தைப் பற்றி ஒரு சொல். டைனமிக் மைக்கின் சுருள், அருகிலுள்ள மின்மாற்றியின் காந்தப்புலத்தையும் பிடித்துக்கொள்ளும். எஸ்எம்7பி, ஆர்இ20 ஆகியவற்றில் அதை நீக்குவதற்கென ஓர் எதிர்ச்சுருள் உண்டு, எஸ்எம்58இல் இல்லை. ஆகவே எஸ்எம்58 வைத்திருப்பவர் கணினியின் மின்பெட்டி, பெருக்கி முதலியவற்றிலிருந்து மைக்கைத் தள்ளி வைத்து, ரீங்காரம் குறையும் திசையைத் திருப்பிப் பார்த்துக் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

போலி எஸ்எம்58 உலகெங்கும் புழங்குகிறது. நம் பக்கத்து இளைஞர் ஒருவர் இணையத்தில் பாதி விலைக்கு வாங்கிக் கொண்டுவந்த மைக்கில் பெட்டி, ஸ்டிக்கர், தோல் பை எல்லாம் அசலைப் போலவே இருந்தன; தராசில் வைத்தபோதுதான் எடை குறைவு என்று தெரிந்தது. அசல் எஸ்எம்58 298 கிராம்; அதன் உள்ளே ஒரு சிறு மின்மாற்றி இருக்கிறது. எடை குறைந்தால் போலி என்று ஐயப்படலாம்; எடை சரியாக இருப்பது மட்டுமே அசல் என்பதற்குச் சான்றாகாது. அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் உத்தரவாத அட்டையோடு வாங்குவதே தலைவலியில்லாத வழி. பழைய மைக் வாங்குபவர் வலைத்தலை நசுங்கியிருப்பதைப் பார்த்து ஒதுக்க வேண்டியதில்லை, வலைத்தலையை மட்டும் தனியாக மாற்றிவிடலாம். ஆனால் மெல்ல ஆட்டும்போது உள்ளே ஏதேனும் கலகலத்தாலோ, இன்னொரு எஸ்எம்58ஐவிட அளவு தெளிவாகக் குறைந்து கேட்டாலோ வேண்டாம்.

ராப் செய்பவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அவர்கள் வலைத்தலையைக் கையால் பொத்திப் பிடிப்பார்கள். பின்பக்கத் துளைகள் அடைபட்டால் கார்டியாய்டு தன் திசைத் தன்மையை இழந்து, எல்லாப் பக்கமும் கேட்கும் மைக்காகிவிடும். அறையின் எதிரொலி முழுவதும் உள்ளே வரும். மேடைப் பழக்கம் போகவில்லை என்றால், ஸ்டாண்டில் உள்ள மைக்கைப் பதிவுக்கு வைத்துவிட்டு, கையில் பிடித்துக்கொள்ள இணைப்பில்லாத ஒரு பழைய மைக்கைக் கொடுத்துவிடலாம். பாடுபவருக்கும் ஊக்கம் கெடாது.

நம் நாட்டு ஈரப்பதத்தைத் தாங்குவதில் கண்டென்சரைவிட டைனமிக் மைக் உறுதியானது. என்றாலும் உள்ளிருக்கும் பஞ்சு எச்சிலையும் ஈரத்தையும் உறிஞ்சி நாளடைவில் நாறவும் உதிரவும் தொடங்கும். எஸ்எம்58இன் வலைத்தலையைத் திருகிக் கழற்றி, மென்மையான சோப்பு நீரில் கழுவி, முழுமையாகக் காய்ந்த பிறகே மாட்ட வேண்டும். கழற்றிய நிலையில் மைக்கின் உடல் மேல் நீர் படக் கூடாது. மைக்கை இறுக மூடும் டப்பா ஒன்றில் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள். ஜெல்லின் நிறம் மாறியதும் அதைக் காயவைத்தோ மாற்றியோ விடுங்கள். எஸ்எம்7பியின் பஞ்சு உறையைத் தனியாக வாங்க முடியும் என்பதால், பலர் வந்து பாடும் அறையில் ஆளுக்கொரு உறை வைத்துக்கொள்வது நல்லது.